இங்கிலீஷ் எறங்கி ஸ்பானிஷ் ஏறுனா குழித்துறையில என்ன நடக்கும்?

இங்கிலீஷ் இப்ப இருக்கற எடத்துல நாளைக்கு ஸ்பானிஷ் வந்துட்டா மக்கள் எப்படி சமாளிப்பாங்கன்னு ஒரு கேள்வி கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. இதப் பேசுற நெறைய பேரு, எங்க நடக்கப் போகுதுங்கற தைரியத்துல விளையாட்டாத்தான் பேசுறாங்க. மதுரைக்காரங்க அப்படிப் பேசலாம், கோயம்புத்தூர்காரங்க பேசலாம், கன்னியாகுமரி ஜில்லாக்காரன் பேசக்கூடாது. எங்களுக்கு சர்க்கார் மொழி மாறுனதுக்கு தேதியே இருக்கு, 1956 நவம்பர் 1. அன்னைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு சென்னை ராஜ்யத்தோட சேந்துச்சு, மேல இருந்த மலையாளம் எறங்கி தமிழ் ஏறுச்சு. அதக் கண்ணால பாத்தவங்க இன்னும் கொஞ்சம் பேரு உயிரோட இருக்காங்க. அதனால இந்த ஸ்பானிஷ் கேள்விக்கு பதில் தேடி நான் ரொம்ப தூரம் போகல, எங்க ஊருலயே பாதி கெடச்சிருச்சு.

நான் குழித்துறை கோர்ட்டுக்கு கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன், பட்டா, இ-சேவை வேலை எல்லாம். இந்தக் கடையில உக்காந்து பாத்தா ஒரு விஷயம் தெளிவாத் தெரியும். ஒரு மொழிக்கு அதிகாரம் இருக்குன்னா அது மொதல்ல பார்ம்லதான் தெரியும், பேச்சுல கடைசியாத்தான் தெரியும். நெலத் தகராறுன்னு வர்றவங்க கையில பழைய ஆதாரம், அதாவது நெலப் பத்திரம், ஒண்ணு இருக்கும், மஞ்சளாகி மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, உள்ள முழுக்க மலையாள எழுத்து, தேதி மலையாளக் கணக்குல, கொல்லம் ஆண்டுல. அவங்க தாத்தா பேருல உள்ள நெலம், அவங்க வீட்டு ஆளுதான் கையெழுத்துப் போட்டது, ஆனா வீட்டுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. படிச்சு சொல்றதுக்குன்னே ஆளு இருக்காங்க, பெரும்பாலும் வயசானவங்க, அதுக்கு காசும் உண்டு. வேடிக்கை என்னன்னா வந்தவரு அந்த ஆதாரத்த நீட்டும்போது "அண்ணே, இதுல என்ன பறஞ்சிருக்குன்னு ஒண்ணு பாருங்க"ன்னுதான் கேப்பாரு. வாயில மலையாளம் பாதி இருக்கு, பேப்பர்ல இருக்கறதுதான் படிக்க முடியல.

எங்க பாட்டா, அதாவது தாத்தா, படிச்சது மலையாளத்துல. வீட்டுல தமிழ்தான், சந்தையில ரெண்டும் கலந்து, பள்ளிக்கூடத்துல மலையாளம். 56க்கு அப்புறம் அவரு வயசுல உள்ளவங்க மனசுல ரெண்டு விதமான உணர்ச்சி இருந்திருக்கு, அத அவரு சொல்லும்போது தெரியும். ஒண்ணு பெருமை. சும்மா கெடச்ச மாற்றம் இல்ல அது, மார்ஷல் நேசமணி தலைமையில திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வருஷக்கணக்கா போராடி, 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ஆளுங்க செத்து, அதுக்கப்புறம் வந்தது. இன்னொண்ணு, அவரு வெளிய சொல்ல மாட்டாரு, ஒரு கூச்சம். தமிழ்ல மனு எழுதணும்னா அவருக்கு கை நடுங்கும், எழுத்துப் பிழை வந்துருமோன்னு. எங்கப்பாவ கூப்பிட்டு "மக்ளே, நீ எழுது, நான் சொல்லித் தாறேன்"னு பக்கத்துல உக்காருவாரு. தன் சொந்த மொழி ஜெயிச்ச பெறகும் ஒரு மனுஷன் தன் மகன் கையெழுத்துக்கு காத்து நிக்க வேண்டி வந்துச்சு, அப்படின்னா அந்நிய மொழி வந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கிடுங்க.

செரி, ஸ்பானிஷுக்கு வருவோம். அது எப்படி மேல வரும்ங்கறத நான் ரொம்ப ஆராயல. ஆள் கணக்குனால வராது, அது மட்டும் தெரியும். தாய்மொழியா பேசுறவங்க கணக்குல ஸ்பானிஷ் ஏற்கெனவே இங்கிலீஷுக்கு மேலதான், கிட்டத்தட்ட 50 கோடி பேரு, இருபதுக்கு மேல நாடு, மெக்சிகோ கொலம்பியா அர்ஜென்டினா பெரு ஸ்பெயின்னு. அப்படி இருந்தும் நம்ம ஊருல ஒருத்தனும் படிக்கல. ஏன்னா சம்பளம் அந்த மொழியில வரல. விசா, கப்பல், ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி, பெரிய யுனிவர்சிட்டி, இதெல்லாம் ஸ்பானிஷ்ல கேள்வி கேக்க ஆரம்பிச்சாச்சுன்னு வச்சுக்கிடுவோம், அவ்வளவு போதும். மத்தத நம்ம ஆளுங்க பாத்துக்கிடுவாங்க.

மொத மாசமே மாறுறவங்க யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். நர்ஸ் பிள்ளைங்க. இப்ப மார்த்தாண்டத்துலயும் நாகர்கோவில்லயும் ஜெர்மன் கிளாஸ் போர்டு இல்லாத ரோடு கம்மி. ஜெர்மனியில நர்ஸ் வேலைக்கு மொழிப் பரீட்சையில பி டூ லெவல் கேக்குறாங்க, அதனால நர்சிங் முடிச்ச பிள்ளைங்க ராத்திரி டூட்டி பாத்துட்டு காலைல வந்து டெர் டீ டாஸ் படிக்குது. பேச்சுத் தமிழ் தவிர வேற ஒண்ணும் சரளமா பேசாத வீட்டுல இருந்து வந்த பிள்ளைங்க, பாதிக்கு இங்கிலீஷே தடுமாறும், ஆனா ஜெர்மன்ல நோயாளிகிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்கக் கத்துக்கிட்டு போய்ச் சேந்துருதுங்க. ஸ்பானிஷ்லயும் அதே மாதிரி பரீட்சை ஏற்கெனவே இருக்கு, டெலேன்னு பேரு, ஸ்பெயின் அரசாங்கத்தோட செர்வாண்டஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துறது, டெல்லியில அவங்களுக்கு ஒரு கிளையும் உண்டு. ஆக மாற்றம் வந்தா இங்க என்ன நடக்கும்? ஜெர்மன் போர்ட எடுத்துட்டு டெலே போர்டு மாட்டுவாங்க. மாடி அதே மாடிதான், பெஞ்சு அதே பெஞ்சுதான், சார் மட்டும் வேற.

அடுத்தது கடல்ல போறவங்க. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் மீனவங்கள மாதிரி மொழிய கையாளுற ஆள நான் பாத்ததில்ல. கொச்சி தோப்பும்படியில மலையாளம், மங்களூர் கோவா குஜராத்னு கரை பிடிச்சா அங்கங்க உள்ள பேச்சு, வளைகுடாவுல முதலாளிக்கு அரபி, ஈரான்ல வேலை செஞ்சவங்களுக்கு பார்சி. 2020ல கொரோனா நேரத்துல ஈரான்ல மாட்டுன நம்ம மீனவங்கள ஜலாஷ்வா கப்பல்ல தூத்துக்குடிக்கு கொண்டு வந்தாங்களே, அதுல எத்தன பேரு பார்சியில வெலை பேசுவாங்க தெரியுமா. ஒருத்தரும் கிளாஸுக்குப் போகல, இலக்கணம் தெரியாது, எழுதவும் தெரியாது. வலைக்கு, மீனுக்கு, கூலிக்கு, கெட்ட வார்த்தைக்கு என்ன சொல்லணும்னு தெரியும், வேலைக்கு அது போதும். ஸ்பானிஷ் வந்தா இவங்க ஆறு மாசத்துல சமாளிச்சுருவாங்க. ஆனா இவங்களுக்கு "ஸ்பானிஷ் தெரியும்"னு ஒருத்தனும் ஒத்துக்கிட மாட்டான், அதுவும் நிச்சயம். இப்ப அஞ்சு மொழி பேசுற ஆளையே நாம "படிக்காத ஆளு"ன்னுதானே சொல்றோம்.

பயப்படுற அளவுக்கு கஷ்டமான மொழியான்னு கேட்டா, நான் போன்ல ஒரு ஆப் போட்டு கொஞ்சம் படிச்சுப் பாத்தேன், தமிழனுக்கு சில எடத்துல இங்கிலீஷ விட சொகம். எழுதுன மாதிரியே படிக்கலாம், பெரும்பாலும். அஞ்சே அஞ்சு உயிரெழுத்துச் சத்தம். வினைச்சொல்லோட வாலப் பாத்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுரும், ஆப்லோன்னா நான் பேசுறேன், ஆப்லாஸ்னா நீ பேசுற, "நான்" "நீ"ன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல, நம்ம வந்தேன் வந்தாய் கதைதான். பெரியவங்ககிட்ட வேற, கூட்டாளிகிட்ட வேறன்னு மரியாதையும் உண்டு, இங்கிலீஷ்ல அது இல்லாம கலெக்டரையும் கடைப்பையனையும் ஒரே யூ-வில கூப்பிட்டு நமக்கு எவ்வளவு சங்கடம். அப்புறம் எங்க ஜில்லாவுக்குன்னே ஒரு சலுகை, ஸ்பானிஷ்ல மெலிசா சொல்ற ரகரமும் உருட்டுற ரகரமும் வேற வேற, மாத்திச் சொன்னா "ஆனா"ங்கற வார்த்தை நாயாயிரும். சென்னையில ர-வும் ற-வும் ஒண்ணாயி எத்தனையோ காலமாச்சு, எங்க பாட்டிமாரு இன்னும் ரெண்டையும் பிரிச்சு உருட்டுவாங்க.

கஷ்டமும் இருக்கு. மேசை பொம்பள, புஸ்தகம் ஆம்பள. உயிரில்லாத சாமானுக்கு ஆண் பெண் பாக்கறது தமிழனுக்கு கடைசி வரைக்கும் பிடிபடாது. ஆசை, சந்தேகம், வேண்டுதல்னா வினைச்சொல்லுக்கு தனியா ஒரு வடிவம் வேற இருக்கு, அத நான் பாதியிலயே விட்டுட்டேன்.

இன்னொரு பக்கம் யோசிச்சா, ஸ்பெயின் மண்ணுல பொறந்த ஒரு ஆளு ஏற்கெனவே எங்க கடற்கரைக்கு வந்துருக்காரு. புனித சவேரியார். இப்ப ஸ்பெயின்ல உள்ள நவார்ரா பகுதியில 1506ல பொறந்தவரு. 1544ல திருவிதாங்கூர் கடற்கரை வழியா ஊர் ஊரா போனாரு. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவும், டிசம்பர் 3 ஜில்லா முழுக்க லீவும் அவரு பேருலதான். அவரு இங்க உள்ள முக்குவர்ங்கற மீனவங்களுக்கு ஸ்பானிஷோ போர்ச்சுகீசோ கத்துக்குடுக்கல. ரெண்டு மொழி தெரிஞ்ச ஆளுங்கள வச்சு செபங்கள தமிழ்ல மாத்தி, அத மனப்பாடம் பண்ணி, மணி அடிச்சு பிள்ளைங்கள கூட்டி ஒப்பிச்சாரு. அன்னைக்கு தேவை அவருக்கு, அதனால கஷ்டமும் அவருக்கு. இன்னைக்கு மாட்ரிட்ல நர்ஸ் வேலை வேணும்னு நாம போனா தேவை நமக்கு, மனப்பாடம் பண்ண வேண்டியதும் நாமதான். மொழி எளிசா கஷ்டமாங்கறத விட இதுதான் பெரிசு.

இங்கிலீஷ் போறதுல எங்க ஆளுங்களுக்கு வேற ஒரு இழப்பு இருக்கு, அத வெளியூர்காரங்களுக்கு வெளங்க வைக்கறது கொஞ்சம் கஷ்டம். இங்கிலீஷ் நம்மள ஆண்டவங்க மொழி, அடிமைப்படுத்துன மொழி, போனா போகட்டும்னு சுலபமா சொல்லிருவாங்க. ஆனா எங்க ஜில்லா மயிலாடிக்கு 1806ல வந்த ரிங்கல்தௌபேங்கற பாதிரியார் இங்கிலீஷ்காரரே இல்ல, ஜெர்மன் பேசுற ஆளு, லண்டன் மிஷன் அனுப்பி வந்தவரு. அந்த மிஷன் தொடங்குன பள்ளிக்கூடங்கள்லதான் திருவிதாங்கூர் ராஜாவோட தெருவுல நடக்கவே விடாத சாதிக்காரங்க எழுத்துப் படிச்சாங்க. பொம்பளைங்க மார்ப மூடற தோள்சீலைக்காக 1859 வரைக்கும் சண்டை போட்ட ஜனங்க. அவங்க மொதல்ல படிச்சது தமிழ்தான், ஆனா அந்தப் படிப்புல இருந்து இங்கிலீஷ், இங்கிலீஷ்ல இருந்து ஸ்காட் கிறிஸ்டியன் காலேஜ், நெய்யூர் ஆஸ்பத்திரி, சிலோன், மலேயான்னு ஒரு வழி தொறந்துச்சு. எங்க பக்கத்துல எத்தனையோ வீட்டுச் சுவத்துல தாத்தாவோட டிகிரி சர்டிபிகேட்டு பிரேம் போட்டு தொங்கும், இங்கிலீஷ்ல. அந்த வீட்டுக்கு இங்கிலீஷ் வெள்ளைக்காரன் மொழி இல்ல, குனிஞ்சு நடந்த ஆளு நிமிந்ததுக்கு சாட்சி. ஸ்பானிஷ் வந்தா சமாளிப்பாங்க, ஆனா அந்த சர்டிபிகேட்ட பேரப்பிள்ளை படிக்கத் தெரியாம பாக்கும், பழைய ஆதாரத்த நான் பாக்குற மாதிரி.

ஒரு நாடே இப்படி மாறுனா என்னாகும்னு பாக்க பிலிப்பைன்ஸ் இருக்கு, அங்க நடந்தது இதுக்கு நேர் எதிர்த்திசை. 1565ல இருந்து 1898 வரைக்கும் ஸ்பெயின் ஆட்சி, முன்னூறு வருஷத்துக்கு மேல, கோர்ட்டு கச்சேரி எல்லாம் ஸ்பானிஷ். அப்புறம் அமெரிக்காக்காரன் வந்தான். 1901ல தாமஸ்னு ஒரு கப்பல்ல கிட்டத்தட்ட ஐநூறு டீச்சருங்கள கொண்டு வந்து எறக்கி ஊர் ஊரா இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தொறந்தான். ஸ்பானிஷ் சாகல உடனே. பெரிய வீட்டுக்காரங்க, வக்கீலுங்க இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல அதையே பிடிச்சுட்டு இருந்தாங்க, ஆட்சிமொழிங்கற அந்தஸ்து 1987 அரசியல் சட்டத்துலதான் முழுசா போச்சு. அந்த நாட்டோட தேசத்தலைவர் ஹோசே ரிசால், 1896ல ஸ்பெயின்காரன் சுட்டுக் கொன்னவரு, கடைசிக் கவிதைய ஸ்பானிஷ்லதான் எழுதுனாரு. இன்னைக்கு அவரு நாட்டுப் பிள்ளைங்க அத மொழிபெயர்ப்புல படிக்குது. அதே நேரம் தெருவுல கேட்டா மணி சொல்றது இன்னும் ஸ்பானிஷ் எண்ணுலதான். எழுத்து போச்சு, கவிதை போச்சு, மணிக்கணக்கு தங்கிருச்சு. மலையாளம் எறங்குன பெறகும் எங்க ஊருல சாயாவும் சக்கையும் தங்குன கதைதான் அதுவும்.

ஆக இங்கிலீஷ் முழுசா ஓடிப்போயிரும்னு யாரும் நெனக்க வேண்டாம். பஸ்சு, கரண்டு, குக்கர், டாக்டர் இதெல்லாம் எங்கயும் போகாது, போர்ச்சுகீசுக்காரன் போயும் சாவியும் ஜன்னலும் அலமாரியும் இங்க கெடக்கற மாதிரி. கம்ப்யூட்டர் புரோகிராமும் இங்கிலீஷ் வார்த்தையிலயே இருக்கும், இப்பவே மெக்சிகோக்காரனும் அப்படித்தான் எழுதுறான். கோர்ட்டு மட்டும் லேசுல மாறாது. சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் இங்கிலீஷ்ல நடக்கணும்னு அரசியல் சட்டம் 348ல இருக்கு, அத மாத்துனாலும் நூத்தம்பது வருஷத் தீர்ப்பு எல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கே, அத என்ன செய்ய. ஸ்பானிஷ்ல வாதாடுற வக்கீலு பழைய தீர்ப்ப படிக்க ஒரு ஆள கூட்டிட்டு வருவாரு. என் கடைக்குப் பக்கத்துலயே ஒரு பெரியவரு மேசை போட்டு "இங்கிலீஷ் ஆவணம் படித்துச் சொல்லப்படும்"னு எழுதி வைப்பாரு, பக்கத்துக்கு இத்தனை ரூபான்னு. கூட்டம் இருக்கும், நானே ஜெராக்ஸ் போட்டுக் குடுப்பேன்.

தமிழ்நாட்டு அரசியல்ல இதுக்கு பெரிய எதிர்ப்பு இருக்காதுன்னு நான் நெனக்கிறேன், சிரிக்காதீங்க. 1965 போராட்டமும் 1968ல வந்த ரெண்டுமொழிக் கொள்கையும் இங்கிலீஷ் மேல உள்ள காதல்ல மட்டும் வந்ததில்ல. இந்தியாவுல எந்த மாநிலத்துக்காரனுக்கும் தாய்மொழியா இல்லாத ஒண்ணு நடுவுல இருந்தா எல்லாருக்கும் ஒரே கஷ்டம்ங்கற கணக்கு அது. அந்தக் கணக்குக்கு ஸ்பானிஷும் சரியாப் பொருந்தும். தமிழும் ஸ்பானிஷும் போதும்னு நாமதான் மொதல்ல சொல்லுவோம்.

உண்மையிலேயே அடி வாங்கப் போறது யாருன்னா டீச்சருங்க. முக்கியமா இங்கிலீஷ் டீச்சருங்க, அதுலயும் நாப்பதுக்கு மேல அம்பத்தஞ்சுக்குள்ள உள்ளவங்க. ரிட்டயர்டு ஆக வயசாகல, புதுசா படிக்க மனசு வராது. ஹங்கேரியில 1989 வரைக்கும் பள்ளிக்கூடத்துல ரஷ்யன் கட்டாயப் பாடம், அத எடுத்த உடனே ரஷ்யன் வாத்தியாருங்க எல்லாம் இங்கிலீஷோ ஜெர்மனோ படிச்சு அதையே நடத்த வேண்டி வந்துச்சு, பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் முன்னால ஓடிக்கிட்டே. ருவாண்டாவுல 2008ல பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு மாறுறோம்னு அரசாங்கம் முடிவெடுத்துச்சு, வாத்தியாருல பெரும்பான்மைக்கு இங்கிலீஷ் தெரியாது, லீவுல பயிற்சி குடுத்து பள்ளிக்கூடம் தொறந்ததும் கிளாஸுல விட்டாங்க. கணக்கு தெரிஞ்ச வாத்தியாரு கணக்கு சொல்லிக்குடுக்க முடியாம நின்னாரு, ஏன்னா கூட்டல் கழித்தல் தெரியும், அத இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல. இத நெனக்கும்போதுதான் எனக்கு சங்கடமா இருக்கும். எங்க ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு வாத்தியாராவது உண்டு, 2011 சென்சஸ்படி 91 சதவீதத்துக்கு மேல படிப்பறிவு, தமிழ்நாட்டுலயே மொத எடம், அத உண்டாக்குனது இவங்கதான். முப்பது வருஷம் டென்ஸ் நடத்துன டீச்சரம்மா, பஸ்சுல ஏறுனா மூணு தலைமுறை எந்திரிச்சு எடம் குடுக்கும், அவங்க எட்டாங்கிளாஸ் பையன்கிட்ட "மக்ளே, இந்த வார்த்தைய எப்படிடா சொல்லணும்"னு கேக்கற நெலம வரும். அவன் ஆப் பாத்து படிச்சிருப்பான். அவன் சொல்லிக் குடுப்பான், நல்ல பையன்தான், ஆனாலும்.

ஆனா, இந்த முழுக் கூத்துலயும் எனக்குப் பிடிச்ச ஒரு எடம் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பிச்சேன். மொத பத்து வருஷம். அந்தப் பத்து வருஷம் எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ். லட்சக்கணக்குல பீஸ் கட்டி படிக்கற பையனுக்கும் அரசுப்பள்ளிப் பையனுக்கும் ஒரே அளவு ஸ்பானிஷ், அதாவது சைபர். வீட்டுல அப்பா அம்மா இங்கிலீஷ்ல பேசுறாங்கங்கற கூடுதல் வசதி காலி. ரப்பர் பால் வெட்டுறவர் மகளும் டாக்டர் மகளும் ஒரே நாள்ல ஒலான்னு வணக்கம் சொல்லி ஆரம்பிப்பாங்க. இன்டர்வியூவுல வாய் தெறக்க பயந்தவன் நிமிந்து உக்காருவான், ஏன்னா எதிர்ல கேள்வி கேக்கறவனும் திக்கித் திக்கித்தான் கேப்பான். என் கடைக்கு வர்ற பசங்க நெறைய பேருக்கு வெஷயம் தெரியும், வேலை தெரியும், இங்கிலீஷ்ல ஒரு பாரா எழுதச் சொன்னா முகம் செத்துரும். "அண்ணே, நீங்களே எதாவது போட்டு அடிச்சுருங்க"ம்பான். அவனுக்கு அந்தப் பத்து வருஷம் கெடச்சா எவ்வளவு தூரம் போவான்னு நான் நெனச்சுப் பாப்பேன்.

அப்புறம் மூடிரும். எனக்கு சந்தேகமே இல்ல. பதினொண்ணாவது வருஷம் ஸ்பானிஷ் மீடியம் ஸ்கூல் வேனு மஞ்சள் பெயின்ட் அடிச்சு எங்க ரோட்டுல வரும், எல்கேஜியிலயே ஸ்பெயின் உச்சரிப்பா மெக்சிகோ உச்சரிப்பான்னு கேட்டு பீஸ் வேற வேற வாங்குவாங்க, கொலம்பியாவுல இருந்து மிஸ் வந்திருக்காங்கன்னு நோட்டீஸ் அடிப்பாங்க. கல்யாண ஆலோசனையில "பையன் நல்லா ஸ்பானிஷ் பேசுவான்"னு சேரும். அரசுப்பள்ளிக்கு டீச்சர் போஸ்டிங் கோர்ட்டுல கேஸ்ல கெடக்கும். உருட்டுற ரகரம் வராதவனப் பாத்து நாலு பேரு சிரிப்பாங்க, இப்ப இங்கிலீஷ் தப்பா பேசுனா சிரிக்கற அதே நாலு பேரு.

இந்த மாற்றத்துல தமிழுக்கு எதாவது லாபம் உண்டான்னு நண்பர் ஒருத்தரு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சு இல்ல. மேல உள்ளது மாறுறதுனால மட்டும் கீழ உள்ளது ஏறாது. 56ல தமிழ் ஏறுச்சுன்னா அது தமிழுக்காகவே சண்டை போட்டதுனால. அதுலயும் பாருங்க, தாலுகா ஆபீஸ்ல தமிழ் வந்துச்சு, 1956 கடைசியில ஆட்சிமொழிச் சட்டமும் வந்துச்சு, ஆனா நல்ல சம்பளத்துக்கான வாசல் அப்பவே இங்கிலீஷ்லதான் இருந்துச்சு, அத யாரும் தொடல. புதுக்கடையில குண்டடி பட்ட குடும்பங்கள்லயே இன்னைக்கு பேரப்பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம்தான் படிக்கும்னு நெனக்கிறேன், குத்தமா சொல்லல, நானும் அப்படித்தான் சேத்திருக்கேன். கூடவே எல்லைப்பக்கம் விளவங்கோட்டுல மலையாளம் தாய்மொழியா உள்ள பிள்ளைங்களும் இருக்கு, பள்ளிக்கூடத்துல தமிழ் கட்டாயம்னு 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்தப்ப அதுங்க பட்ட பாடு தனிக்கதை. ஒரு தலைமுறையில ஜெயிச்ச மொழி அடுத்த தலைமுறையில இன்னொருத்தனுக்கு பரீட்சை பயமா நிக்கும்.

போன் இருக்கே, பேசுனா மொழிபெயர்த்துருமே, எதுக்கு இவ்வளவு பாடுன்னும் கேக்கலாம். ஓரளவு நெசம்தான். சந்தையில வெலை கேக்க, பார்ம் நெரப்ப, டூரிஸ்ட்டுக்கு விவேகானந்தர் பாறைக்கு படகு எத்தன மணிக்குன்னு சொல்ல அது போதும், என் கடை வருமானத்துல பாதிய அதுதான் திங்கப்போகுது. ஆனா நடுக்கடல்ல சிக்னல் இல்ல. ராத்திரி வார்டுல மூச்சுத் திணறுற ஆளுக்கு முன்னால போன நீட்டிட்டு நிக்க முடியாது. வேலை குடுக்கறவனும், உனக்கு மொழி வருமான்னு கேக்கறது மொழிக்காக மட்டும் இல்ல, நீ எந்த மாதிரி வீட்டுல இருந்து வர்றன்னு தெரிஞ்சுக்கவும்தான், அதுக்கு போன் பதில் சொல்லாது.

இதெல்லாம் எழுதிட்டு, கடைக்கு சர்டிபிகேட் அட்டெஸ்டேஷனுக்கு காப்பி எடுக்க வந்த ஒரு நர்ஸ் பிள்ளகிட்ட கேட்டேன், ஜெர்மன் பி ஒன் முடிச்சு பி டூ படிக்குது. "எம்மா, நாளைக்கு எல்லா எடத்துலயும் ஸ்பானிஷ்தான்னு சொன்னா என்ன செய்வ?"

அது தலையே நிமித்தல, காப்பிய எண்ணிக்கிட்டே கேட்டுச்சு, "அதுக்கும் பி டூ தான் கேப்பாங்களாண்ணே?"

"அப்படித்தான் இருக்கும்."

"அப்ப எட்டு மாசம். பீஸ் எவ்வளவு வரும், இன்ஸ்டால்மென்ட்ல கட்டலாமா?"